செத்த பிறகு ஒன்பது நிமிஷம்

செத்தவளுக்கு இனி வேலை ஒன்றும் இல்லை, உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். இசக்கிக்கு அது தெரியும், அவளுடைய கட்டைவிரல்களுக்குத்தான் தெரியவில்லை; இரண்டும் போன் கண்ணாடியை இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தன, சுடு, சுடு, இன்னொரு தடவை சுடு என்று. சுடுவதற்கு அங்கே துப்பாக்கி இல்லை, அதைப் பிடிக்கக் கை இல்லை, அவளுடைய பொம்மை ஏதோ ஒரு வீட்டுச் சமையலறைத் தரையில் குப்புறக் கிடந்தது, பின்மண்டையில் இரண்டு குண்டு. சுட்டவன் பெயரைத் திரை சிவப்பில் எழுதிக் காட்டியது. சேர்மதுரை. காலையிலிருந்து வம்பிழுக்கிற எழவெடுப்பான், வேறு எவனாவது சுட்டிருக்கக் கூடாதா. பதினாறு கல்லூரி, கல்லூரிக்கு நாலு பேர், அறுபத்து நாலு பேர் குதித்த ஒரு தீவு, சுருங்கிக்கொண்டே வரும் ஒரு நீல வட்டம், வட்டத்துக்கு வெளியே நின்றால் உடம்பு வெந்து சாவு, உள்ளே நின்றால் எவனாவது சுட்டுச் சாவு, கடைசியில் எந்த அணியில் ஒரே ஒரு ஆளாவது மூச்சோடு மிஞ்சுகிறதோ அந்த அணிக்குக் கோப்பை. இவ்வளவுதான் ஆட்டம். இதற்காகத்தான் திருநெல்வேலிக்கு வெளியே பொட்டல் நடுவில் நிற்கும் இந்தப் பொறியியல் கல்லூரிக்குக் காலை ஆறரை பஸ் பிடித்து வந்தது. மத்தியானம் மூன்று மணி, கலையரங்கத்துக் காற்றாடிகள் வெக்கையைத்தான் கிளறிக்கொண்டிருந்தன. அறுபத்து நாலு பேரில் பெண்கள் நாலே பேர், நாலு பேரும் ஒரே பெஞ்சில், ஒருத்தி போனை ஒருத்தி பார்க்காமலிருக்கப் பரீட்சைக்கு வைப்பதுபோல நடுவில் அட்டைத் தடுப்பு. மும்தாஜும் வேணியும் பத்தாவது நிமிஷத்திலேயே செத்து, ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தார்கள். இப்போது இசக்கியும் செத்தாள். மிச்சம் ஜெபமலர் ஒருத்தி. செத்தவளின் திரை உயிரோடு இருக்கும் தோழியின் கண்ணுக்குத் தானாக மாறிவிடும். ஜெபா பார்ப்பதை இவளும் பார்ப்பாள், ஜெபாவுக்குக் கேட்கும் காலடி இவளுக்கும் கேட்கும், ஆனால் பேசக் கூடாது. செத்தவள் வாயைத் திறந்தால் இருப்பவளின் காது கெடும் என்று அணிக்குச் சட்டம் போட்டவளே இசக்கிதான், எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிற இசக்கி. உயிரோடு பதினொரு பேர் என்றது திரை. வட்டம் முழுசாக மூட ஒன்பது நிமிஷம்.

அங்கே போகாதே என்று ஜெபா அப்போதே சொன்னாள், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. “அந்த வீட்டுக்குள்ள போகாதட்டி.” “ஏன், ஒரு சத்தமும் கேக்கலியே.” “போகாதன்னா போகாத, இசக்கி.” பயப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் செத்தாகிவிட்டது. ஒரு சத்தமும் இல்லாத வீட்டுக்குள் ஆள் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வி இப்போதுதான் வந்தது, அதுவும் கேள்வியாக வரவில்லை, செருப்புக்குள் மணல் நெருடுவதுபோல வந்தது. ஜெபாவின் பொம்மை ஒரு மாடிப்படியில் குந்தியிருந்தது. எதிரே சுண்ணாம்பு அடித்த சுவர், வெறும் சுவர். துப்பாக்கியின் குறிப்புள்ளி அந்தச் சுவரின் மேல் மெல்ல இடப்பக்கம் போயிற்று, நின்றது, இரண்டு அடி திரும்பி வந்தது, மறுபடி இடப்பக்கம் போயிற்று. சுவரில் ஊரும் பல்லியைப் பூனை பார்ப்பதுபோல. ஆனால் பல்லி இல்லை. சுவர் முடிகிற இடத்தில் ஜன்னல், ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது, பார்ப்பதற்கு முன்னாலேயே புள்ளி அங்கே போய்க் காத்திருந்தது. ஒரே குண்டு. தலை பின்னால் போயிற்று, ஜன்னல் விளிம்பில் ரத்தம் தெறித்தது, பத்து பேர் என்றது திரை. பக்கத்து அட்டைக்குப் பின்னாலிருந்து ஜெபா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அவள் எப்போதும் உறிஞ்சுகிற அதே சத்தம், ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் இரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம்.

தற்செயல், என்றது ஒரு கட்சி. இசக்கியின் மண்டைக்குள் எப்போதும் இரண்டு கட்சி உண்டு, இரண்டுக்கும் அவளேதான் பேச்சாளர். எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கிறவளுக்குத் தற்செயல் என்றால் என்ன என்று தெரியாதா. ஒரு தடவை சுவரைப் பார்த்துக் குறிவைத்து ஆள் அங்கே வந்தால் அது தற்செயல், சரி. அடுத்து ஜெபா கோட்டைச் சுவருக்கு மேலே ஒரு கையெறி குண்டைத் தூக்கிப் போட்டாள், எட்டிப் பார்க்கவில்லை, காது கொடுக்கவில்லை, ஏதோ குப்பையை வீசுவதுபோல வீசினாள், அந்தப் பக்கம் மூச்சுக்கூட விடாமல் படுத்திருந்த ஒருத்தன் கால் வேறு உடம்பு வேறாகப் போனான். இது? இதுவும் தற்செயலா? அனுபவம் என்று சொல்லலாமே, என்றது முதல் கட்சி, மானங்கெட்ட கட்சி. நல்ல ஆட்டக்காரிக்கு இடத்தைப் பார்த்தால் வாசனை தெரியும், உனக்கே தெரியாதா, நீயும் எத்தனை தடவை கண்ணால் பார்க்காமல் சுட்டிருக்கிறாய். சுட்டிருக்கிறேன், ஆனால் பாதி குண்டு வீணாகப் போயிருக்கிறதே. அதுதானே வித்தியாசம். ஊகிக்கிறவள் தப்பும் செய்வாள். ஜெபா மத்தியானத்திலிருந்து ஒரு தப்புகூடச் செய்யவில்லை. ஒன்பது பேர். குறிப்புள்ளி மறுபடி ஒரு மரக்கதவில் போய் உட்கார்ந்தது, கதவைத் தாண்டி எங்கோ நடக்கிற ஒருத்தனோடு கூடவே அதுவும் நடந்தது. ஹேக். அந்தச் சொல்லைத் தலைக்குள் சொல்லிப் பார்த்தாள் இசக்கி. சுவருக்குப் பின்னால் நிற்பவனையும் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும் அந்தச் சனியன், போட்டவள் போனில் மட்டும்தான் தெரியும், கூட இருந்து பார்ப்பவள் திரையில் தெரியாது. முன்மேடையில் பெரிய திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் நடுவருக்கும் தெரியாது.

ஹேக்கைப் பற்றி இசக்கி எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறாள். எல்லோரும்தான் ஏமாத்துறாங்க, ஒளிஞ்சிருந்து சுடுறதும் ஏமாத்துதானே என்பான் ஒருத்தன். ஆமடா, ஏமாற்றுதான், ஆட்டமே ஏமாற்றுதான், இல்லை என்று யார் சொன்னது? நான் ஒரு வீட்டுக்குள் பதுங்குவேன், பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வருவேன்; திறந்த கதவைப் பார்க்கிறவன் ஆள் அங்கே இருக்கிறாள் என்று நினைப்பான், எனக்கு முதுகைக் காட்டுவான், முதுகில் சுடுவேன். இரண்டு அணி அடித்துக்கொள்ளட்டும் என்று புதரில் கிடப்பேன், ஜெயித்தவன் மூச்சு வாங்கிக்கொண்டு கட்டுப்போட உட்காரும்போது போய்க் கொல்லுவேன். கூச்சம் கிடையாது. ஆனால் கதவைப் பார்த்தவன் யோசித்திருக்கலாம், இது வேண்டுமென்றே திறந்த கதவோ என்று. யோசிப்பதற்கு அவனுக்கு இடம் இருந்தது, எனக்குப் பயம் இருந்தது, அவன் யோசித்துவிடுவானோ என்ற பயம், அந்தப் பயத்தில் உள்ளங்கை வேர்த்துக் கண்ணாடி வழுக்கும், அதற்காகத்தானே ஆடுவது. ஹேக் போட்டவளுக்கு என்ன பயம். கோழிக்கடையில் கூண்டுக்குள் கையை விட்டு ஒன்றின் இறக்கையைப் பிடித்து இழுக்கிறார்களே, அதுபோல. எந்தக் கோழி என்பதுதான் கேள்வி, கோழிக்கு ஒரு கேள்வியும் கிடையாது. ரத்தம் பிடிக்கும் இசக்கிக்கு, அதை அவள் மறைத்ததில்லை. இப்படிப்பட்ட ஆட்டம்தான் பிள்ளைகளுக்கு வன்முறையைக் கற்றுக்கொடுக்கிறது என்று கருத்தரங்கில் ஒரு பேராசிரியர் சொன்னபோது எழுந்து நின்று, “சார், டவுன் பஸ்ல என் இடுப்பில கை வச்சவன் கையில சேஃப்டி பின்னை எலும்பு தட்டுற வரைக்கும் எறக்கினேன், அதை எனக்கு எந்த கேமும் கத்துத் தரல” என்று சொன்னவள். அரங்கம் சிரித்தது. சிரிக்க என்ன இருந்தது அதில். அவன் அம்மா என்று அலறினான், அவள் பின்னை எடுக்கவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தினாள், அந்தக் கொஞ்சத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு. ஏழு. ஜெபா ஒருத்தனின் தொண்டையில் சுட்டாள், அவன் தவழ்ந்தான், தவழ்கிறவனைப் பின்னாலேயே போய் மறுபடி சுட்டாள். அவன் செத்த பிறகும் சுட்டாள்.

எப்போது போட்டாள்? காலைச் சுற்றில் இல்லை, காலையில் போன்கள் சுத்தம், அது நிச்சயம். காலைச் சுற்றில் இவர்கள் நாலு பேரும் பன்னிரண்டு பேரைச் சுட்டுத் தள்ளிய பிறகு சேர்மதுரை நடுவரிடம் போய் நின்றான், மீசையை நீவிக்கொண்டு. “சார், பொட்டப்பிள்ளைக இப்படி ஆடாது, ஹேக் போட்டிருக்கு, பாருங்க.” பார்த்தார்கள். நாலு போனையும் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அதற்கும் அவன் வாய் மூடவில்லை. “போன் சுத்தம்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா வெளிய எவனோ ஒரு பய இதுக பேருல ஆடுதான். இதுக சும்மா கைய வச்சிட்டு ஒக்காந்திருக்கு.” அவனுடைய கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் கிடந்த இரும்பு நாற்காலியைத் தூக்கி அவன் முகத்தில் அடிக்க வேண்டும் என்று இசக்கிக்கு வந்தது, மூக்குத்தண்டு உடைகிற சத்தம்கூடக் கேட்டது, அதற்குப் பதிலாக அவள் பேசினாள், பத்து நிமிஷம் பேசினாள், அவன் அப்பன் பாட்டன் படித்த பள்ளிக்கூடம் வரைக்கும் போனாள். மத்தியானம் எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்த ஜெபா, “நீ பேசித் தீத்துக்கிட்ட. நான் எதை வச்சித் தீக்க?” என்றாள். “இன்னைக்கு அவனைக் கொன்னு காட்டுவோம்ட்டி.” “கொன்னாலும் வெளிய இருக்க பயதான் கொன்னாம்பான்.” பிறகு போனை எடுத்துக்கொண்டு பாத்ரூம் போனாள். இருபது நிமிஷம். வயிற்றுவலி என்றாள், இசக்கி பையில் இருந்த ஓமவாட்டரைக்கூடக் கொடுத்தாள். ஓமவாட்டர்!

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்ததும் இசக்கியின் காது மடல் தீயாய் எரிந்தது. இறுதிச் சுற்றுக்கு முன்னால் இவர்கள் போனை மட்டும் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று நடுவர் கேட்டார். ஜெபா பின்னால் நின்று இவள் தோளை அழுத்தினாள். விரல் சில்லென்று இருந்தது. “நம்ம போனை மட்டும் கேக்காங்க, நீ சும்மா நிக்க. கேளுட்டி.” கேட்டாளே. அவளிடம் கேட்கச் சொல்லவும் வேண்டுமா. பதினாறு அணி போனையும் பாருங்க, இல்லாட்டி ஒருத்தர் போனையும் பாக்காதீங்க, எங்களை மட்டும் பாக்கணும்னு எந்த விதியில இருக்கு, எழுத்துல காட்டுங்க சார், பாக்கிறதுன்னா அவன் போனை முதல்ல பாருங்க சார். நடுவர் நல்ல மனுஷர், நெற்றியைத் தேய்த்துக்கொண்டார், மணி இரண்டரை ஆயிற்று, அறுபத்து நாலு போனைப் பார்த்தால் விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிடும். “யாருக்குமே வேண்டாம்மா, போய் ஒக்காருங்க, எனக்குத் தலை வலிக்கு.” பின் வரிசையில் கைகூடத் தட்டினார்கள், அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள், ஜெயித்தவள். ஜெயித்தது யார்? அவள் வாயைத் தெரிந்தவள் ஜெயித்தாள். எங்கே விசையை அழுத்தினால் எங்கே வெடிக்கும் என்று இரண்டு வருஷமாகப் பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பார்த்தவள். திறந்த கதவு வைக்கிற வித்தையை இவளிடமே கற்றுக்கொண்டு இவளையே கதவாகத் திறந்து போட்டிருக்கிறாள் மூதி. அதில் ஒரு ஓரத்தில், கருமம், பாராட்டவும் தோன்றியது இசக்கிக்கு. நல்ல வியூகம். நடுவருக்கு யோசிக்க இடம் இருந்ததே. ஐந்து பேர். நாலு.

வாயைத் திறக்க வேண்டியதுதான். சார் என்று ஒரு சொல். திறந்தால் என்ன ஆகும் என்று இரண்டு கட்சியும் சேர்ந்தே கணக்குப் போட்டன. சேர்மதுரை மீசையை நீவுவான். காலையில் ஆடியதும் ஹேக்தான் என்பான், போன வருஷம் ஆடியதும் ஹேக்தான் என்பான், இனி எந்த ஊரில் எந்தப் பெண் ஒருத்தனைத் தலையில் சுட்டாலும் ஹேக் என்பான், அதற்கு இந்த நாலு பேர் பெயரைச் சாட்சி சொல்லுவான். ஆறு மாதம் ஹாஸ்டல் மொட்டைமாடி வெயிலில் சார்ஜர் வயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரல் நுனி தோல் உரிய ஆடியது, காலடிச் சத்தத்தை வைத்தே கல்தரையா புல்தரையா என்று சொல்லப் பழகியது, எல்லாம் பொய் என்று ஆகும். திறக்காவிட்டால்? கோப்பை வரும். கோப்பையை ஹாஸ்டல் அலமாரியில் வைப்பார்கள், அவள் தினமும் அதைத் தாண்டிப் பல் விளக்கப் போவாள். மும்தாஜும் வேணியும் இப்போது கடலைமிட்டாயை விட்டுவிட்டுப் பெரிய திரையைப் பார்த்து எழுந்து நின்றார்கள். “ஏட்டி மூணுதான், மூணே பேருதான்,” என்று வேணி குதித்தாள். “ஜெபா, ஒருத்தன் மாடில நிக்கான்போலட்டி,” என்று இசக்கி தான் போட்ட சட்டத்தை மீறிச் சொன்னாள், சும்மா, சோதித்துப் பார்ப்பதற்காக, மாடியில் யாரும் இல்லை என்று அவளுக்கே தெரியும். ஜெபா மாடிப்பக்கம் திரும்பக்கூட இல்லை. “செத்தவ பேசாதட்டி,” என்றாள், அட்டைக்குப் பின்னால் இருந்து, அன்பாக. குறிப்புள்ளி கீழே ஒரு சுவரில் இருந்து அசையவில்லை. அவ்வளவுதான், தீர்ந்தது, இனி எந்தக் கட்சியும் பேசுவதற்கில்லை.

இரண்டு. ஜெபா ஒருத்தி, சேர்மதுரை ஒருத்தன். வட்டம் ஒரு வீட்டளவுக்குச் சுருங்கிவிட்டது, அவன் அந்த வீட்டுக்குள், ஜெபா வெளியே வாசலுக்குப் பக்கத்துச் சுவரோரம். இசக்கி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள், அட்டைத் தடுப்பை முழங்கையால் தள்ளினாள், ஜெபாவின் கையில் இருந்த போனைப் பற்றி இழுத்தாள். “விடுட்டி! கொன்னுட்டுத் தாரேன், பொறுட்டி, ஒரு நிமிஷம், கொன்னுட்டுத் தாரேன்!” ஜெபாவின் கண்ணில் தண்ணீர் நின்றது, நகம் இசக்கியின் மணிக்கட்டைப் பிறாண்டித் தோலை உரித்தது, இசக்கி அவள் விரலை ஒன்றொன்றாகப் பின்னால் மடக்கினாள், சுண்டுவிரல் சொடுக்கென்றது, போன் கைக்கு வந்துவிட்டது. சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது: சார், இங்க வந்து பாருங்க சார். சொல்லுவதற்கு முன் திரையைப் பார்த்தாள். சுவர் இருந்தது, சுவருக்குள் அவன் இருந்தான். ஒரு சிவப்புக் கோடு சுவரைத் துளைத்துப் போய் ஒரு சிவப்புச் சட்டத்தில் முடிந்தது, சட்டத்துக்குள் குந்திய ஒரு உடம்பு, மேலே அவன் பெயர், பதினாலு மீட்டர், உயிர் நூற்றுக்கு முப்பத்தொன்று. கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான், மும்முரமாக, தன்னை ஒருத்தரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மனுஷர்கள் எப்படி இருப்பார்களோ அப்படி. எவ்வளவு தெளிவு. எவ்வளவு நிம்மதி. பயம் என்று ஒன்று உடம்பில் எங்குமே இல்லை. அவன் எழுந்தான், பத்து மீட்டர், வாசலை நோக்கி நடந்தான், ஏழு, பேசு, வாயைத் திற, அவள் வாய் திறந்துதான் இருந்தது, நாலு, பொட்டப்பிள்ளைக இப்படி ஆடாது, வாசல் நிலையில் அவன் நெற்றி வெளிப்பட்டது, கட்டைவிரல் அழுத்தியது. அழுத்தியதை எடுக்கவில்லை. முப்பது குண்டும் தீருகிறவரை எடுக்கவில்லை, அவன் முகம் இருந்த இடம் சிவந்து கலைந்து படியில் சரிந்தது, சரிந்ததன் மேலும் சுட்டாள்.

கலையரங்கம் இடிந்து விழுகிற மாதிரிச் சத்தம். பெரிய திரையில் அவர்கள் கல்லூரியின் பெயர். மும்தாஜ் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினாள், ஜெபா இசக்கியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், “நீதாம்ட்டி அடிச்ச, நீயே அடிச்சிட்டட்டி” என்று காதுக்குள் சொன்னாள், அவள் மூச்சில் ஓமவாட்டர் வாசனை. தித்திப்பாக இருந்தது, நெஞ்சு நிறைய இருந்தது, இல்லை என்று சொன்னால் அது அடுத்த பொய். எதிர்ப்பக்கத்தில் இருந்து சேர்மதுரை நாற்காலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து வந்தான், பின்னாலேயே நடுவர். அவன் முகத்தில் வேர்வையும் ஏதோ ஒரு வெட்கமும். கையை நீட்டினான். “நல்லா அடிச்சீங்க,” என்றான். நாள் முழுக்க அது இது என்றவன், இப்போது ‘ங்க’ போட்டான். “நான் எழுந்திரிப்பேன்னு எப்படிங்க தெரிஞ்சுது?” அந்தக் கையை இசக்கி பார்த்தாள். அதைத் தொடவில்லை. திரையின் ஓரத்தில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வட்டக் குறி மிதந்துகொண்டிருந்தது, அதைத் தொட்டாள், அது ஹேக்கின் பட்டியலாக விரிந்தது, வரிக்கு வரி டிக் அடித்திருந்தது. போனை அப்படியே நடுவரின் உள்ளங்கையில் வைத்தாள். ஜெபாவின் கை அவள் கழுத்தில் இருந்து மெல்லக் கழன்றது.

நடுவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். “யாரு போன்மா இது?”

“ஜெபமலரோடது சார்.”

“கடைசியா சுட்டது அவதானா?”

“இல்ல சார், நான்.”

“இது ஓடுறது தெரியாமப் பிடுங்கி ஆடிட்ட, அப்படித்தானே?” என்றார் அவர் தாழ்ந்த குரலில். அவள் தப்பித்துப் போக வழி விட்டு ஒதுங்கி நிற்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

இசக்கியின் மணிக்கட்டில் இருந்து ரத்தம் ஒரு சொட்டு பெஞ்சில் விழுந்தது. சேர்மதுரை நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

“அவன் எங்க நிக்கான்னு பாத்துத்தான் சார் சுட்டேன்,” என்றாள்.